அமெரிக்காவின் சுவர் திருநெல்வேலிக்குப் பொருந்துமா?

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்று பாடத்தில் படித்தோம். இங்கே நெல்லையப்பர் கோவிலுக்கு அரசு அதிகாரி, சர்ச் நடத்தும் திருமண்டலப் பள்ளி ஆசிரியருக்கு அரசுச் சம்பளம், பள்ளிவாசல் சொத்துக்கு வக்ஃபு வாரியம், யாத்திரை போக மானியம். இதை மதச்சார்பற்ற நாடு என்று எப்படிச் சொல்வது? ஒரேயடியாகப் பிரித்துவிட்டால் எல்லாருக்கும் முழு மத சுதந்திரம் கிடைத்துவிடாதா?" கூடவே ஒரு சிறு கேள்வி: "அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் என் தங்கைக்குக் காலை ஜெபத்தில் கலந்துகொள்ள விருப்பமில்லை. அவளைக் கட்டாயப்படுத்த முடியுமா?"

தம்பி, தங்கையைப் பற்றிய கேள்விக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில்: ஒரேயடியாகப் பிரித்தால் சுதந்திரம் தானாக வந்துவிடாது. திருநெல்வேலிச் சீமையில் அரசு கோவிலைவிட்டு விலகி நின்ற காலம் ஒன்று இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தக் காலத்தில் சாமானியனுக்கு மத சுதந்திரம் கிடைக்கவில்லை. அதற்காக இன்று இருப்பதெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். அரசின் கை இருக்கக் கூடாத இடங்களில் இன்று இருக்கிறது. அவற்றில் மிக மோசமான இடம் நீங்கள் கொடுத்த பட்டியலில் இல்லை.

முதலில் அந்தச் சுவர். அது கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் எழுப்பியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் தீவிர விசுவாசிகள். ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகர் மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்டு 1636இல் பிராவிடன்ஸ் ஊரை உருவாக்கினார். திருச்சபை என்ற தோட்டத்துக்கும் உலகம் என்ற காட்டுக்கும் நடுவே ஒரு வேலி, ஒரு சுவர் வேண்டும் என்று 1644இல் எழுதினார். தோட்டத்தைக் காடு விழுங்கிவிடும் என்பதுதான் அவருடைய அச்சம். வர்ஜீனியாவில் அரசு உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பாப்டிஸ்ட் போதகர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்த அனுபவத்தின் பின்னணியில்தான் 1785இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மாடிசன் சபைகளுக்கு வரிப்பணம் கொடுக்கும் மசோதாவை எதிர்த்து எழுதினார். மறு ஆண்டு ஜெபர்சனின் மத சுதந்திரச் சட்டம் வர்ஜீனியாவில் நிறைவேறியது. 1791இல், அரசு மதத்தை நிறுவவோ மத சுதந்திரத்தைத் தடுக்கவோ கூடாது என்ற, அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 'பிரிக்கும் சுவர்' என்று, அப்போது அதிபராக இருந்த ஜெபர்சன் எழுதியது 1802 ஜனவரி 1ஆம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு அனுப்பிய கடிதத்தில். அந்த மாநிலத்தில் அப்போது வேறொரு சபை அரசுச் சபையாக இருந்தது. சிறுபான்மைச் சபையாக அங்கே வாழ்ந்தவர்களுக்கு அவர் கொடுத்த ஆறுதல் அது.

அந்தச் சுவரில் வாசல்களும் உண்டு. முதல் திருத்தம் தொடக்கத்தில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாசசூசெட்ஸ் தன் அரசுச் சபை ஏற்பாட்டை 1833 வரை கைவிடவில்லை. ஜெபர்சனின் சுவரை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் உரத்துச் சொன்ன வழக்கு 1947இல் நியூஜெர்சியிலிருந்து வந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தை உள்ளாட்சி அமைப்பு திருப்பிக் கொடுக்கலாமா என்பது வழக்கு. சுவர் உயரமானது, அசைக்க முடியாதது என்று எழுதிய அதே தீர்ப்பு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கட்டணத்தைக் கொடுக்கலாம் என்றது. பொதுப்பள்ளியில் அரசு எழுதிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லவைக்கக் கூடாது என்ற தீர்ப்பு 1962இல்தான் வந்தது. நாட்டின் அதிகாரபூர்வ வாசகமாகக் கடவுளின் பெயரைச் சொல்லும் தொடர் 1956இல் ஏற்கப்பட்டது. ஆகவே அமெரிக்காவை ஒரு முடிந்த கட்டடமாகப் பார்க்காதீர்கள். அவர்களும் இன்றுவரை வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதே சச்சரவு உங்கள் பாளையங்கோட்டையிலேயே நடந்திருக்கிறது. 1820இல் இங்கே வந்த ரேனியஸ் ஐயர் பிரஷ்யாவில் பிறந்தவர், லுத்தரன் மரபினர். அவரை அனுப்பிய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கமோ ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்தது. அந்தத் திருச்சபை இங்கிலாந்தின் அரசுச் சபை. அதன் தலைமை அரசரிடம் இருந்தது. தான் பயிற்றுவித்த உபதேசிமார்களுக்குக் குருப்பட்டம் வேண்டும் என்று ரேனியஸ் நினைத்தார். அதை ஆங்கிலிகன் பிஷப் மட்டுமே தம் சபை முறைப்படி கொடுக்க வேண்டும் என்றது சங்கம். அந்தச் சபையின் ஒழுங்குமுறையையே விமர்சித்து ரேனியஸ் எழுதினார். 1835இல் சங்கம் அவரை நீக்கியது. அவர் ஊரைவிட்டுப் போனார், சபையார் வேண்டி அழைத்ததால் திரும்பி வந்தார், பிரிவு உண்டானது. 1838இல் அவர் இறந்த பிறகுதான் அது ஆறியது. இங்கிலாந்து அரசுச் சபையின் விதி தாமிரபரணிக் கரையில் ஓர் உபதேசியாரின் தலையில் யார் கை வைத்துக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று தீர்மானித்தது என்பதை எண்ணிப் பாருங்கள். விசுவாசிகள் ஏன் சுவர் கேட்டார்கள் என்பது புரியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கல்கத்தாவுக்கு 1814இலும் சென்னைக்கு 1835இலும் ஆங்கிலிகன் பிஷப்புகள் வந்தார்கள். அவர்களுடைய சம்பளமும் கிழக்கிந்தியக் கம்பெனிக் குருமார்களின் சம்பளமும் இந்திய வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டன. நம்முடைய இந்து விவசாயியும் முஸ்லிம் வியாபாரியும் செலுத்திய வரி அது. 1927இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியாக, 1930இல்தான் இந்திய ஆங்கிலிகன் திருச்சபை இங்கிலாந்துச் சபையின் சட்டக் கட்டிலிருந்து விடுபட்டது. 1896இல் உருவான திருநெல்வேலித் திருமண்டலம் தன் வாழ்வின் முதல் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளை அந்தக் கட்டுக்குள்தான் கழித்தது.

இனி கோவில். அரசு கோவிலுக்குள் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு என்று மேடைகளில் பேசுகிறார்கள். அரசர்கள் காலத்து உறவு ஒருபுறம் இருக்கட்டும். கிழக்கிந்தியக் கம்பெனியே 1817ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக் கோவில், மடம், அறக்கட்டளைகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. கலெக்டர்கள் கோவில் நிலத்தையும் வரவு செலவையும் பார்த்தார்கள். கம்பெனி எடுத்துக்கொண்ட கோவில் வருமானத்துக்கு ஈடாகக் கொடுத்த தஸ்திக் படி இன்றும் பழைய கணக்குகளில் பேசப்படும் சொல். தேரோட்ட நாளில் வடம் பிடிக்கக் கிராமங்களிலிருந்து ஆள்களைக் கட்டாயமாகத் திரட்டும் வழக்கமும் மாகாணத்தில் இருந்தது. திருவிழாவில் படைவீரர்கள் மரியாதை செலுத்த வேண்டும் என்ற உத்தரவுகளும் இருந்தன.

இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் மிஷனரிகளும் சில ஆங்கில அதிகாரிகளும். சென்னைப் படைத்தலைவராக இருந்த சர் பெரெக்ரின் மெய்ட்லண்ட் இந்த விவகாரத்துக்காகவே 1838இல் பதவி விலகினார். அவர்களுடைய நோக்கம் இந்துக்களின் சுதந்திரம் அன்று. கிறிஸ்தவ அரசு விக்கிரக வணக்கத்துக்குத் துணைபோகக் கூடாது என்பதே. ஆனாலும் விருப்பமில்லாதவனைத் தேர்வடத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்ற வாதம் நியாயமானது. எந்த நோக்கத்தில் சொன்னாலும் நியாயமானது. கம்பெனி மெல்ல மெல்லக் கையை எடுத்தது. 1863ஆம் ஆண்டின் சமய அறநிலையச் சட்டம் அந்த விலகலை முடித்துவைத்தது. கோவில்கள் தர்மகர்த்தாக்களிடமும் உள்ளூர்க் குழுக்களிடமும் போய்ச் சேர்ந்தன.

நீங்கள் கேட்கும் பிரிவு அப்போது வந்துவிட்டது, தம்பி. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

1895இல் கழுகுமலையில் தேர்வீதியில் ஊர்வலம் போகும் உரிமைக்காகக் கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோயின. ஊர்வல உரிமை மறுக்கப்பட்ட நாடார்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கராகியிருந்தார்கள். 1899இல், அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த சிவகாசியில், நாடார்களின் ஆலயப் பிரவேசக் கோரிக்கையைத் தொடர்ந்து ஊரே தாக்கப்பட்டது. பக்கத்துக் கமுதியில் நாடார்கள் கோவிலுக்குள் நுழைந்தது வழக்காகி அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கப்படி அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பு வந்தது.

அரசு மதத்தில் தலையிடவில்லை என்று சொல்லிக்கொண்ட காலம் இது. ஆனால் வாசலில் நின்று தடுத்தவருக்குப் போலீசும் நீதிமன்றமும் துணை நின்றன. 'வழக்கம்' என்ற பெயரில் ஒரு சாராரின் மத விதியை அரசு தன் பலத்தால் அமல்படுத்தியது. அதை ஒதுங்கி நிற்பது என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கும்பிட வந்தவனைக் கும்பிட விடாமல் அரசாங்கத்தின் ஆணை தடுத்தால், கும்பிடுகிறவனின் மத சுதந்திரம் எங்கே போனது? மிஷனரிகளும் இதில் முழு விடை தரவில்லை. சபைக்குள்ளும் சாதி தனி வரிசையில் உட்கார்ந்தது. இன்றும் சேகரம் என்ற சபை வட்டாரத்தின் தேர்தல் முதல் திருமண்டலத் தேர்தல் வரை சாதிக் கணக்கு பார்க்கப்படுவது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

கணக்கு விஷயத்திலும் அந்தக் காலம் நல்ல பெயர் வாங்கவில்லை. கோவில் நிலங்கள் கைமாறின, தர்மகர்த்தாக்கள்மீது முறைகேட்டுப் புகார்கள் குவிந்தன. நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது இந்து சமய அறநிலையச் சட்டம் கொண்டுவரப்பட்டு அறநிலைய வாரியம் வந்தது. அதன் பிறகு 1951, 1959 ஆண்டுகளின் சட்டங்கள். 1939இல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் 1947இல் முழு அனுமதியும் சட்டமாயின. நெல்லையப்பர் சந்நிதியில் இன்று எல்லாரும் நின்று கும்பிடுகிறார்கள் என்றால் அந்தச் சட்டங்களுக்கு அதில் பங்கு உண்டு. 'சமூகச் சீர்திருத்தத்துக்காகவும் இந்து சமய நிறுவனங்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடவும் அரசு சட்டம் இயற்றலாம்' என்று அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் எழுதிவைத்தவர்கள் இந்த வரலாற்றை அறிந்தவர்கள். அந்த உள்பிரிவுக்குப் பின்னால் சிவகாசியும் கமுதியும் இருக்கின்றன என்றே அதைப் படிக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

வீதிகளின் கதையையும் சொல்ல வேண்டும். 1799இல் சாத்தான்குளத்துப் பக்கம் முதலூர் என்ற ஊர் உருவானது. கிறிஸ்தவர்களானவர்கள் பழைய ஊரில் வாழ முடியாதபடி துன்புறுத்தப்பட்டதால் நிலம் வாங்கித் தனி ஊர் அமைத்தார்கள். அதுபோல் பல ஊர்கள் எழுந்தன. மனசாட்சிப்படி நடக்க வேண்டுமானால் வேறு ஊருக்குக் குடிபெயர வேண்டும் என்பதே அன்றைய மத சுதந்திரம். 1840களில் விபூதிச் சங்கம் என்ற பெயரில் திரண்டவர்கள் கிறிஸ்தவக் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். 1858 நவம்பர் 1ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் பிரகடனம் குடிமக்களின் மத நம்பிக்கையில் தலையிடமாட்டோம் என்றது. அடுத்த மாதமே திருநெல்வேலி நகரத்தில், ஒரு கிறிஸ்தவரின் சடலத்தை எந்தத் தெரு வழியாகச் இடுகாட்டுக்குக் கொண்டுபோவது என்ற தகராறு கலவரமாகி, படை சுட்டு மக்கள் செத்தார்கள். தெரு யாருடையது என்ற கேள்வி இங்கே எப்போதுமே மத சுதந்திரத்தின் நடுக்கேள்வி. அமெரிக்கச் சுவருக்கு இந்தக் கேள்வியில் சொல்வதற்கு அதிகம் இல்லை.

சரி, இன்றைய நிலைமை. நம் அரசியலமைப்பு சுவர் கட்டவில்லை. மனசாட்சிச் சுதந்திரமும் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு என்கிறது 25ஆம் பிரிவு. பொது ஒழுங்கு, நெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதில் உண்டு. தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்தச் சமயப் பிரிவுகளுக்கு உரிமை தருகிறது 26. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது 27. இவற்றோடு வேறு மாதிரியான பிரிவும் இருக்கிறது. 290அ என்ற பிரிவின்படி, 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் மாநிலத்துக்கு வந்த பகுதிகளின் கோவில்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். கன்னியாகுமரியோடு செங்கோட்டைப் பக்கமும் அப்படி வந்ததுதான். கோவில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டதற்கான பழைய கடன் இது. இதை மானியம் என்று கணக்கிடுவது தவறு.

யாத்திரை மானியங்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஹஜ் மானியம் 2018இல் நின்றது. 2011இல் அதைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், வரிப்பணத்தின் கணிசமான பகுதி ஒரு மதத்துக்குப் போனால்தான் 27ஆம் பிரிவு மீறப்படும் என்று சொல்லி அதை அனுமதித்தது. தமிழ்நாட்டில் ஜெருசலேமுக்கும் மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் மானியம் உண்டு. எல்லாருக்கும் கொடுத்தால் சமத்துவம் என்பது ஒரு பார்வை. என் பார்வை வேறு. யாருடைய யாத்திரைக்கும் அரசு டிக்கெட் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. போக வேண்டும் என்ற பக்தி உள்ளவன் சிறுகச் சிறுகச் சேர்த்துப் போவான்.

அறநிலையத் துறை பற்றி உங்களுக்கு இருக்கும் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. 36,000க்கும் மேற்பட்ட கோவில்கள் அதன் கீழ் இருக்கின்றன. வருமானம் உள்ள கோவில்கள் நிர்வாகச் செலவுக்கும் தணிக்கைக்கும் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைத் துறைக்குக் கட்டுகின்றன. அறங்காவலர் குழு இல்லாமல் செயல் அலுவலர் மட்டுமே ஆண்டுக்கணக்கில் நிர்வாகம் செய்யும் கோவில்களும் இருக்கின்றன. சிதம்பரம் நடராசர் கோவில் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: முறைகேட்டைச் சரிசெய்ய நிர்வாகத்தை எடுக்கலாம், சரிசெய்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், காலவரையின்றி வைத்திருக்க முடியாது. இந்த வரையறையை எல்லாக் கோவில்களுக்கும் ஒழுங்காகப் பின்பற்றினாலே உங்கள் கேள்வியின் கூர் பெரிதும் மழுங்கும். வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறதா, கணக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அரசின் வேலை. எந்த நேரத்தில் எந்தப் பூசை என்பதும் திருவிழா மேடையில் முதல் மரியாதை யாருக்கு என்பதும் அரசின் வேலை அல்ல. அந்த முதல் மரியாதைக்கு அமைச்சர்களும் அதிகாரிகளும் வரிசையில் நிற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

"சர்ச்சை மட்டும் ஏன் அரசு தொடுவதில்லை?" என்ற கேள்வியும் உங்கள் வாக்கியத்தில் மறைந்திருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் அறக்கட்டளைச் சங்கம் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. திருமண்டலத் தேர்தல் வழக்குகளில் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நியமித்ததும் உண்டு. ஆகவே தொடுவதே இல்லை என்பது சரியல்ல. ஆனால் சபைச் சொத்துக்குத் தனித் துறை இல்லை, ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்கும் தணிக்கையும் இல்லை. காணிக்கை கொடுக்கும் சபையாருக்கே திருமண்டலக் கணக்கு முழுதாகத் தெரிவதில்லை. கோவிலுக்குக் கேட்கும் நேர்மையைச் சபைக்கும் பள்ளிவாசலுக்கும் கேட்பதில் எந்த மத விரோதமும் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளிகள் சங்கதி கொஞ்சம் வேறு. அரசு கொடுப்பது பாடம் நடத்தும் ஆசிரியருக்கான சம்பளம். எழுத்தறிவு தாமதமாக வந்திருக்கக்கூடிய நம் சீமையின் பல கிராமங்களில் அந்தப் பள்ளிதான் ஒரே பள்ளியாக இருந்தது. ஆனால் அரசுச் சம்பளம் வாங்கும் வேலைக்குச் சபைக்காரர்தான் வர வேண்டும், அதிலும் இன்ன சாதிக்காரர் வர வேண்டும் என்று நடக்கும் பேரங்கள் அந்த உதவியின் நியாயத்தைக் கெடுக்கின்றன.

இப்போது உங்கள் பட்டியலில் இல்லாத இடத்துக்கு வருகிறேன். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறிய தலித் அந்த நிலையை இழக்கிறார். தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களைக் காக்காது. நம் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. அவற்றில் அவர்கள் போட்டியிட முடியாது. தெருவில் நடக்கும் அவமானம் ஞானஸ்நானத்தோடு நின்றுவிடுவதில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அரசு மட்டும் அது நின்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

இதன் விளைவாகச் சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் இன்னொரு பெயரும் வைத்து வாழும் குடும்பங்களை உருவாக்கியிருக்கிறோம். ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போகும் தகப்பன் திங்கள்கிழமை தாலுகா அலுவலகத்தில் தன் விசுவாசத்தை மறைத்துப் பேசுகிறான். அவனைப் பொய்யன் என்று ஏசுகிறவர்களை நான் மதிப்பதில்லை. ஒருவன் தன் மனசாட்சியைச் சொன்னால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்று அரசு ஒரு விலையை வைத்திருக்கிறது. மதத்துக்கு விலை வைக்கும் அரசைக் கண்டுதான் ரோஜர் வில்லியம்ஸ் ஊரைவிட்டு ஓடினார். 1985இல் இந்த ஆணை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. இதையே கேட்டு 2004இல் தொடுக்கப்பட்ட வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022இல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.

மதம் மாறுவதைப் பற்றி நம் சீமையில் பேசினால் 1981 பிப்ரவரியை விட முடியாது. தென்காசிக்கு அருகில் மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே திரும்பிப் பார்த்தது, அகில இந்தியத் தலைவர்கள் அந்தச் சிற்றூருக்கு வந்துபோனார்கள். வளைகுடாப் பணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். தீண்டாமையும் போலீஸ் கெடுபிடியும் என்று மாறியவர்கள் சொன்னார்கள். ஒருவன் ஏன் மாறினான் என்பதற்கு அவன் சொல்லும் காரணத்தையே முதலில் நம்ப வேண்டும் என்பது என் எண்ணம். பிறகு 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது நல்ல காரியம். அடித்தும் மிரட்டியும் ஏமாற்றியும் மாற்றுவதைத் தண்டிக்க ஏற்கனவே குற்றச் சட்டங்கள் உண்டு. ஒருவன் தன் கடவுளைத் தேர்ந்தெடுப்பதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் பதிய வேண்டும் என்பது மனசாட்சியைப் பட்டா மாறுதல்போல நடத்துவது.

கிராமங்களில் இன்று அதிகம் வரும் தகராறு ஜெபக்கூடம். ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுக் கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன. பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்றால் அவர் மறுக்கலாம். கேட்க நியாயமாகத் தோன்றும். நடைமுறையில், கட்டினால் கலவரம் செய்வோம் என்று ஐம்பது பேர் மனுக் கொடுத்துவிட்டால் அதுவே மறுப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. மிரட்டுகிறவனைக் கட்டுப்படுத்த வேண்டிய அரசு, மிரட்டப்படுகிறவனிடம் "வேண்டாம், விட்டுவிடு" என்கிறது. கிறிஸ்தவர் பெரும்பான்மையாக உள்ள ஊரில் அம்மன் கோவில் கொடை விழாவுக்கு ஊர்வலம் கேட்பவருக்கும், முஸ்லிம் தெருவில் சாமி சப்பரம் கேட்பவருக்கும் இதே அநியாயம் நடக்கலாம். அப்போதும் நான் இதையே சொல்வேன். ஒலிபெருக்கி மட்டும் தனி விஷயம். எந்த மதமும் அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லவில்லை என்று 2000ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து போன ஒரு சபையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாலை ஜெபத்துக்கும் பள்ளிவாசல் வாங்குக்கும் மார்கழிப் பாட்டுக்கும் அது ஒன்றுபோலப் பொருந்தும்.

கடைசியாக உங்கள் தங்கை. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்தப் பள்ளியிலும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. மாணவி சிறுமியானால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். கவனியுங்கள், விலக்குக் கேட்டு நீங்கள் மன்றாட வேண்டியதில்லை. சம்மதம் வாங்க வேண்டிய கடமை பள்ளிக்கு. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பும் மற்றவர்களுக்கு நீதிபோதனை வகுப்பும் தனியாக வைக்கும் பழைய ஏற்பாடு இந்தச் சட்டத்துக்கு ஒத்தது. காலை ஜெபத்துக்கும் அதே விதிதான்.

தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் தங்கள் விசுவாசத்தின் காரணமாகப் பாட மறுத்த கேரளத்தின் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. நாட்டின் கீதத்துக்கே அந்த அளவு இடம் கொடுத்த சட்டம், பள்ளி ஜெபத்தில் உங்கள் தங்கையை வாய் திறக்கச் சொல்லாது. அப்பாவோ அம்மாவோ தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, மகளை ஜெபத்திலும் வேதபாடத்திலும் சேர்க்கத் தங்களுக்குச் சம்மதம் இல்லை என்று தெரிவிக்கட்டும். அதில் 28(3) என்ற எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும். அதன் பிறகும் தொந்தரவு கொடுத்தால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் அந்த நகலோடு மனுக் கொடுக்கலாம். அங்கேயும் தீராவிட்டால் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. பெரும்பாலும் அந்த முதல் கடிதத்தோடு விஷயம் முடிந்துவிடும்.